உடம்பு வணங்காதவன்

என் அண்ணன் சுகுமாறன் எங்கே போவதானாலும் இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிடுவார். பண்டமாரானில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் ஆறு நிமிட நடை. அவருக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். இரண்டு வீடு தாண்டியதும் நின்று சட்டைப் பையில் எதையோ தேடுவார். மறுபடி நடப்பார், மறுபடி தேடுவார். கோயில் தேர்கூட இதைவிட வேகமாகப் போகும் என்று தங்கச்சி நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்தப் பையில் ஒன்றுமே கிடையாது, நிற்பதற்குச் சாக்கு வேண்டித்தான் தேடினார் என்பது எனக்கு முப்பத்தொன்பது வயதில்தான் தெரிய வந்தது. அப்போது அவருக்கு நாற்பத்து நான்கு.

எங்கள் அப்பா தம்புசாமி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஐம்பது கிலோ மூட்டையை இரண்டாக அடுக்கி முதுகில் ஏற்றிக்கொண்டு பலகை மேல் ஓடுவாராம். அதைப் பார்த்தவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகன், பள்ளி ஓட்டப் பந்தயத்தில் பாதித் தூரத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கே அப்பா அவருக்குப் பெயர் வைத்துவிட்டார், உடம்பு வணங்காதவன் என்று. வீட்டில், கடையில், கோயில் கூட்டத்தில், எங்கே அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அப்பா முதலில் சொல்வது அதைத்தான்.

பதினேழு வயதில் பள்ளி விடுமுறைக்கு அண்ணனை மூட்டை தூக்கக் கூட்டிப் போனார். அரை மணி நேரத்தில் அண்ணனின் இரண்டு கையும் கட்டை மாதிரி இறுகிக்கொண்டன. மறுநாள் காலை சிறுநீர் பால் கலக்காத கோப்பி ஓ நிறத்தில் போனது. உடம்புச் சூடு என்று அம்மா இளநீர் வாங்கிக் கொடுத்தார். அரை மணி நேர வேலைக்கு மூன்று நாள் படுக்கையா என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்வியை அவர் அடுத்த முப்பது வருடமும் விதவிதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பெண் கொடுக்க முன்வந்தவர்களையும் அப்பாதான் கலைத்துவிட்டார். அதை நேர்மை என்று நினைத்தார். உங்கள் பெண் பாடுபட்டுச் சோறு போட வேண்டியிருக்கும், அதற்குச் சம்மதம் என்றால் மேற்கொண்டு பேசுவோம் என்று அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தே சொல்லியிருக்கிறார். இரண்டு இடம் அப்படிப் போனது. மூன்றாவது இடம் வரவில்லை. மேருவில் ஒரு தொழிற்சாலையில் வாசல் காக்கும் ஜாகா வேலை கிடைத்து, அண்ணன் கேட்டுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருபது வருடம் உட்கார்ந்திருந்தார். உட்காரும் வேலைதானே அவனுக்கு வரும் என்றார் அப்பா. அதற்கும் நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஒரு நாள் தொழிற்சாலை வாசலில் லோரி ஒன்று நின்றுவிட்டது. நாலு பேர் தள்ளினார்கள், அண்ணனும் கை கொடுத்தார். அன்று மாலையே சிறுநீர் கறுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். இந்த முறை ஒரு சின்ன வயது டாக்டர் அவரை மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாமல், கோலாலம்பூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே தொடையில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தை எங்கேயோ அனுப்பி ஐந்து மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். முடிவு சொல்லும் நாளில் நானும் சுங்கை வேயில் என் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

தசைக்குள் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை உடைத்து எடுக்கிற ஒரு பொருள் அண்ணனுக்குப் பிறவியிலேயே இல்லை என்றார் அங்கிருந்த டாக்டர் அம்மா. டின் நிறைய அரிசி இருக்கிறது, மூடிதான் திறக்காது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மருந்து கிடையாது. கனம் தூக்கக் கூடாது, திடீரென்று ஓடக் கூடாது. நடப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் இனிப்பாக ஏதாவது கொஞ்சம் குடிக்க வேண்டும். மெதுவாகத் தொடங்கி, வலித்தால் நின்று, மறுபடி நடந்தால், எட்டுப் பத்து நிமிடத்தில் உடம்பு வேறு வழியில் பலம் தேடிக்கொள்ளும், அப்புறம் நடை லேசாகிவிடும். தினமும் அப்படி நடந்து பழகினால் நல்லது. சிறுநீர் கறுத்தால் அன்றைக்கே வர வேண்டும், மறுநாள் ஆகக் கூடாது, சிறுநீரகம் போய்விடும். இதை மூன்று முறை சொன்னார். கடைசியாக, உங்கள் அப்பா அம்மா சொந்தமா என்று கேட்டார். எங்கள் அம்மா நல்லம்மாள் அப்பாவுக்குத் தாய்மாமன் மகள். அப்படியானால் இரண்டு பேரிடமும் இது பாதி பாதியாக இருந்திருக்கும், அவர்களுக்கு ஒன்றும் செய்யாது, இரண்டு பாதியும் இவரிடம் வந்து சேர்ந்துவிட்டது என்றார். எனக்கு அது வந்து சேராதது என் அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை.

திரும்பும்போது பிரிக்பீல்ட்ஸில் இறங்கி வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டோம். அண்ணன் டாக்டரின் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார். ரசம் படும் என்று அதை நாற்காலிக்கு மாற்றினார், பிறகு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்று மறுபடி மடிக்கே எடுத்துக்கொண்டார். மருந்து இல்லாத வியாதி என்று கேட்டுவிட்டு வந்த மனுஷன் இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நான் சோம்பேறி இல்ல, லோகேஸ். இத அப்பா ஒரு வாட்டி படிச்சாப் போதும். ஒரு வார்த்த சொன்னாப் போதும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்லா.”

அப்பா படிக்கவில்லை. நான்தான் படித்துச் சொன்னேன். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்ற இடம் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

“நானும் உங்கம்மாவும் ஒரே ரத்தம். என் ரத்தத்துல கோளாறுன்னு எவன் சொன்னது? நான் தூக்காத மூட்டையா? இது உடம்பு வணங்காதவனுக்கு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு.”

அம்மா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அவர் பெயரை இழுத்துப் பேசினால் அப்பாவுக்கு எப்போதும் பொறுக்காது. அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. அண்ணன் சோம்பேறி இல்லையென்றால் அப்பாவின் ரத்தம் கெட்டது என்றாகிவிடும். இரண்டில் ஒன்றைத்தான் அவரால் வைத்துக்கொள்ள முடியும். அவர் சோம்பேறி மகனை வைத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை, செத்தவர் என்று பார்த்தும் ஆறவில்லை.

அண்ணன் விடவில்லை. தினமும் மாலை ஒரு கிளாஸ் இனிப்புச் சிராப் கலக்கிக் குடித்துவிட்டுத் திடலுக்குப் போவார். முதல் எட்டு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். அப்புறம் கால் விட்டுக்கொடுக்கும், ஒரு மணி நேரம்கூட நடப்பார். சிவப்புச் சிராப்பைப் பார்த்த அப்பா, “வேலைக்கு முந்தியே கூலியா?” என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதை ஒரு வருடம் சொல்லிச் சிரித்தார்கள். நாற்பத்தெட்டு வயதில் அண்ணனுக்கு நீரிழிவும் வந்தது. இனிப்பைத் தொடாதே, வேர்க்க வேர்க்க வேகமாக நட என்றார்கள் ஒரு கிளினிக்கில். கொஞ்சம் இனிப்போடு மெதுவாக நட என்றது மற்ற கடிதம். இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு அண்ணன் ஒவ்வொரு நாளும் எதைக் கேட்பது என்று தானே முடிவு செய்தார். கிளாஸ் பாதியானது, நடையும் பாதியானது.

அப்பா எண்பத்திரண்டு வயதில் படுத்த படுக்கையானார். எட்டு மாதம் அவரைக் கழுவித் துடைத்துத் திருப்பிப் படுக்க வைத்தது அண்ணன்தான். ஒரு பக்கம் திருப்பிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இளைப்பாறுவார், பிறகு மறுபக்கம். அதற்குள் அப்பா கத்தத் தொடங்கிவிடுவார். கடைசி வாரம் நான் அப்பாவின் காதருகே குனிந்து, அண்ணனைக் கூப்பிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அண்ணன் சமையலறையில் அவருக்கு மைலோ கலக்கிக்கொண்டிருந்தார்.

“என்னத்தச் சொல்ல?” என்றார் அப்பா. “என்னய மாதிரி ஒருத்தன் எனக்குப் பொறக்கல.”

சமையலறையில் கரண்டி சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. அண்ணன் மைலோவை ஆற்றிக் கொண்டுவந்து அப்பாவுக்கு ஊட்டினார். அதற்கு மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

எங்கள் தெரு முழுக்கக் கார்கள். பிண வண்டி முனையிலேயே நின்றுவிட்டது. வீட்டிலிருந்து அறுபது எழுபது அடி பெட்டியைத் தூக்கிப் போக வேண்டும். அண்ணன் தூக்கக் கூடாது என்று நான் வேலாயுதம் மாமாவிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். அவர் அம்மாவின் தம்பி, காரியத்தை முன்னின்று நடத்தியவர். பெற்ற மகன் இருக்கும்போது அடுத்தவன் முன்பக்கம் பிடிப்பானா, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று அவர் கேட்டார். அண்ணனிடம் போனேன். அவர் ஏற்கெனவே ஒரு கிளாஸ் சிராப் குடித்துவிட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு வாட்டிதான் லோகேஸ். விடு.”

முன்பக்கம் வலது கைப்பிடியை அவர் பிடித்தார். மெதுவாகத் தொடங்க வழியில்லை, எட்டு நிமிடம் யாரும் காத்திருக்கவும் மாட்டார்கள். மற்ற ஐந்து பேர் வேகத்துக்கு அவரும் போனார். பாதித் தெருவில் அவர் கழுத்து நரம்பு புடைத்து முகம் கறுத்ததை நான் பார்த்தேன். நான் வாய் திறந்து நிறுத்தச் சொல்லவில்லை. நானும் ஊருக்குப் பயந்தவள்தான். பெட்டியை வண்டிக்குள் தள்ளினார்கள். எல்லாரும் கையை எடுத்தார்கள். அண்ணன் கை மட்டும் கைப்பிடியிலேயே இருந்தது. பெட்டி உள்ளே போகப் போக அவரும் வண்டிப் படியில் இழுபட்டார். அப்பாவை விடமாட்டேன் என்கிறானே என்று யாரோ ஒரு பெண் குரல் கொடுக்க, தெருவே அழுதது. மாமா தேம்பிக்கொண்டே அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒவ்வொரு விரலுக்கும் அண்ணன் அலறினார். அதையும் பாசம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கொள்ளிக் குடத்தைத் தோளில் இன்னொருவர் தாங்கிப் பிடிக்க, அண்ணன் சுற்றி வந்தார். அன்று இரவே சிறுநீர் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றேன். மறுநாள் சாம்பல் எடுக்கும்வரை கொள்ளி வைத்தவன் எங்கேயும் போகக் கூடாது என்றார்கள். டாக்டர் மூன்று முறை சொன்னது என் காதிலேயே இருந்தது. அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டியதும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிறுநீர் சுத்தமாக நின்றிருந்தது. கழுத்தில் குழாய் போட்டு மெஷினில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். சிறுநீரகம் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். வரவில்லை. இன்றைக்கும் வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் அவர் மெஷினோடு படுத்திருக்கிறார். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். சிராப்பும் போய்விட்டது, திடலும் போய்விட்டது.

அண்ணன் இன்னும் வார்டில் கிடந்ததால் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தை மாமாவின் மகன்தான் செய்தான். சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பின்னால் யாரோ, கஷ்டமான வேலை என்றால் சுகுமாறனுக்கு எப்படியும் ஒரு ஆஸ்பத்திரி கிடைத்துவிடும் என்று சொன்னார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பெட்டி தூக்கிய அன்று வாய்விட்டு அழுத அதே முகங்கள். கையிலிருந்த சோற்றை இலையில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மாலை வார்டுக்குப் போனேன். அண்ணன் வலது கை இன்னும் வீங்கித் தலையணை மேல் இருந்தது. காரியம் நல்லபடியாக நடந்ததா என்று கேட்டார். நடந்தது என்றேன். தன்னைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். பந்தியில் கேட்டதை நான் சொல்லவில்லை.

“எல்லாரும் கேட்டாங்கண்ணே. அப்பாவ விட மாட்டேன்னு நீங்க பிடிச்சிக்கிட்டு நின்னத சொல்லிச் சொல்லி அழுதாங்க. இந்த மாதிரி ஒரு மகன் யாருக்குக் கெடைப்பான்னு சொன்னாங்க.”

அவர் அந்தக் கையை இடது கையால் தலையணை மேல் நேராக்கி வைத்தார்.

“நான் விட்டுரணும்னுதான் பார்த்தேன், லோகேஸ்,” என்றார். “கை தொறக்கல.”