பீரோவுக்குள் போன படம்

1986 ஜனவரி 23, வியாழன். ஐந்து மணிக்கு எழுந்து வெந்நீர் போட்டேன். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஏற்காடு ஒண்டிக்கடையில் நாகலூர் பஸ்ஸைப் பிடித்தேன். பனிமூட்டத்தில் டிரைவர் விளக்கைப் போட்டே ஓட்டினார். எட்டரைக்குப் பள்ளியில் இருந்தேன்.

அன்று கண்காட்சி. எட்டாம் வகுப்புக்குக் கடல் மாசுபடுவதைப் பற்றிப் பாடம் எடுத்திருந்தேன். வகுப்பில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் எண்ணெய் கசியும் கப்பல், செத்து மிதக்கும் மீன் என்று ஆளுக்கொரு படம் வரைந்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் தாளின் அடியில் கடலை வைத்து, அதிலிருந்து ஆற்றை மேலே ஏற்றி, ஓடையாக்கி, அதன் தலையில் காப்பிப் பழம் தோலுரிக்கும் பல்பர் கொட்டகையை வரைந்திருந்தாள். கொட்டகையின் கழிவுநீர் கறுப்பாக ஓடையில் விழுந்தது. அருகே கூடையோடு ஒரு ஆள். 'எங்க அப்பா' என்று எழுதியிருந்தாள். அழுக்கு எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள் என நான் சொன்னதைத்தான் செய்திருந்தாள். சுவரின் நடுவில் நானே ஒட்டினேன்.

அந்தக் கொட்டகைக்குச் சொந்தக்காரரான எஸ்டேட் முதலாளி கண்காட்சியைப் பார்க்க வருவதாக இருந்தது. பள்ளிக் கூரைக்குத் தகடு தருவதாகச் சொல்லியிருந்தார். ஜீப் சத்தம் கேட்டதும் அந்தப் படத்தை மட்டும் பிய்த்து பீரோவுக்குள் வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி கப்பல் படங்களின் முன் நின்றார். "கடலோரத்துல இருக்கறவங்களுக்குத்தான் டீச்சர் இதெல்லாம் உறைக்கணும்" என்றார். தலையாட்டினேன்.

மாலை பஸ்ஸுக்கு நின்றபோது அவளுடைய அம்மா பழம் பறித்த கையோடு மகளை இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க டீச்சர், நல்ல வேளைங்க, அதை எடுத்துட்டீங்க. மொதலாளி கண்ணுல பட்டிருந்தா எங்கூட்டுக்காரருக்கு இன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருப்பாருங்க. உங்களுக்கு நொம்ப நல்ல மனசுங்க." கும்பிட்டுவிட்டு, மகளின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "இவளுக்குக் கடல் கேக்குது, கடலு! ஏற்காட்டு ஏரித் தண்ணியில கால் வெக்கவே பயப்படறவ."

அவளுடைய அப்பாவின் வேலையைப் பற்றி அதுவரை நான் நினைத்தே பார்க்கவில்லை. நான் நினைத்ததெல்லாம் தகடு, முதலாளியின் முகம், என் பெயர். இல்லாத நல்ல மனசுக்கு ஒரு கும்பிடு கிடைத்தது. வாங்கிக்கொண்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் பொய்யா வரைஞ்சுட்டனுங்களா டீச்சர்?"

பஸ் வளைவில் தெரிந்தது. "பஸ் வந்துருச்சு கண்ணு, நாளைக்குப் பேசலாம்" என்றேன். ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் நின்ற பக்கம் திரும்பத் துணிவில்லை. "இல்லை" என்று ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகள் வருவதற்கு முன், கரும்பலகையின் அடியில் கடலை வரைந்தேன். ஆற்றை மேலே இழுத்து, ஓடையின் தலையில் பல்பர் கொட்டகையைப் போட்டேன். கழிவுநீரைச் சாக்பீஸால் அழுத்தித் தீட்டினேன். ஆளை மட்டும் வரையாமல், கீழே என் பெயரை எழுதினேன்.