சித்திரை வீதியில் கார் பழகியது

காலை ஐந்து பத்து. முன்விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது, ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியின் நடுவே படுத்திருந்த பசு. வாயில் பாதி வாழையிலை. அக்கா ஹாரன் அடித்தாள். பசு மீதி இலையையும் உள்ளே இழுத்துக்கொண்டது, எழுந்திருக்கவில்லை.

"இறங்கி எழுப்புடா," என்றார் அத்திம்பேர், பின்சீட்டில் இருந்த என்னிடம். அக்காவின் கணவர், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

நான் பத்திரிகை ஆபீசில் இரவு வேலையை முடித்துவிட்டு நேராக வந்து ஏறியிருந்தேன். மாடு எழுப்புவதும், வண்டி நின்றுபோனால் தள்ளுவதும் என் பொறுப்பு.

அறுபதுகளின் தொடக்கம் அது. அக்கா டாக்டருக்குப் படித்து முடித்திருந்தாள். மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்காரர்கள் சிலர் சேர்ந்து சின்ன ஆஸ்பத்திரி ஒன்று திறந்தார்கள். சுற்றுக் கிராமங்களுக்குப் போய்வரக் கார் வாங்கினார்கள். டிரைவர் வைப்பதாக இல்லை. டாக்டரே ஓட்டிக்கொள்ள வேண்டும். மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டினால் வேலை அக்காவுக்கு. இல்லாவிட்டால், ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருந்த முசிறி டாக்டர் ஒருவருக்கு.

அத்திம்பேரிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. பொன்மலையில் ரிடையரான ரயில்வே அதிகாரி விற்றுவிட்டுப் போனது. அதைத் துடைக்கும்போது அவரிடம் இருந்த பொறுமை, ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது இல்லை.

"கிளட்சை மெதுவா விடுன்னேனே!"

"மெதுவாத்தானே விட்டேன்."

"இதுவா மெதுவா? கோவில் யானை மாதிரி உக்காந்துடுத்து வண்டி."

"யானைப் பாகன்கூட இப்படிக் கத்தமாட்டான்."

அவர்கள் வீடு அந்த வடக்கு வீதியிலேயே இருந்தது. நான்கு சித்திரை வீதிகளையும் சுற்றினால் கோவிலையே சுற்றியதாகிவிடும். கோவிலைச் சுற்றுவதென்றால் பிரதட்சிணமாகத்தான்; பெருமாள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். நடந்து போனாலும் நாலு சக்கரத்தில் போனாலும் அத்திம்பேருக்கு இந்த விதி ஒன்றே. ஆகவே கார் கிழக்கே போய் வலது பக்கம் திரும்பும். தெற்கே போய் வலது பக்கம் திரும்பும். அப்படியே திரும்பித் திரும்பி வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

"ஒருநாள் அந்தப் பக்கமாப் போய்ப் பாக்கலாமே," என்றாள் அக்கா. "நான் இடது பக்கம் திரும்பினதே இல்லை."

"அப்பிரதட்சிணமாவா? நன்னாருக்கு! காருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?"

"அப்ப வெளியில போகலாம்."

"வெளியில லாரி வரும். மொதல்ல உள்ளே கத்துக்கோ."

ரிவர்ஸ் பற்றி அவர் இரண்டு நாள் யோசித்தார். முகம் சரியான திசையில் இருந்தாலும் வண்டி போவது எதிர்த்திசை அல்லவா? கடைசியில் அதைக் கொள்ளிடக் கரையில், வளைவே இல்லாத ஒரு பாதையில் கற்றுக்கொடுத்தார்.

தெற்கு வீதியில் பூ விற்ற அம்மாள் தினமும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கேட்டே விட்டாள்.

"என்ன வேண்டுதலுங்க டாக்டரம்மா? காருல சுத்துனா பலன் கிடைக்குங்களா?"

"லைசென்ஸ் கிடைச்சாப் போதும்மா," என்றாள் அக்கா.

டெஸ்ட் நாளன்று கண்டோன்மெண்ட் வரை அத்திம்பேர் ஓட்டினார். அங்கே லைசென்ஸ் ஆபீஸ் வாசலில், டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நாங்கள் இருவரும் பின்னால். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. வண்டி ஒழுங்காகப் போனது.

"அடுத்த லெஃப்ட்ல திருப்புங்கம்மா."

அந்தத் திருப்பத்தைத் தாண்டி அக்கா நேராகப் போனாள். அடுத்த முனையில் கையை நீட்டி வலது பக்கம் திரும்பினாள். மறுபடி வலது. மறுபடி வலது. இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வண்டி முதலில் வந்த ரோட்டைக் குறுக்கே கடந்து, அவர் சொன்ன தெருவுக்குள் அழகாக நுழைந்தது.

"நான் லெஃப்ட் சொன்னேங்க."

"லெஃப்ட் தெருவுலதான் சார் வந்திருக்கேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எங்கம்மா பழகுனீங்க?"

"ஸ்ரீரங்கத்துல சார். சித்திரை வீதியில."

"யாரு கத்துக்குடுத்தது?"

அத்திம்பேர் தம் மாணவர்களைப் போலக் கையைத் தூக்கினார்.

"நீங்க எறங்குங்க சார்."

"வண்டி என்னோடது."

"வண்டி இருக்கட்டுங்க, நீங்க எறங்குங்க. ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின்னாலேருந்து 'நாராயணா, நாராயணா'ன்னா அவங்களுக்குக் கை எப்படி வரும்?"

அத்திம்பேர் இறங்கிப் புங்கமரத்து நிழலில் நின்றார். என்னை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

முதல் இடது திருப்பத்தில் பின்சக்கரம் நடைபாதைமேல் ஏறி இறங்கியது. இரண்டாவது சுத்தமாக வந்தது. மூன்றாவதின்போது இன்ஸ்பெக்டர் ரோட்டையே பார்க்கவில்லை; ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் போயி ஏம்மா ஊரைச் சுத்துனீங்க?"

"இவ்வளவு சுலபம்னு தெரியாது சார்."

ஆபீசுக்குத் திரும்பியதும் அவர் கையெழுத்துப் போட்டார். அக்கா காரை மரத்தடிக்கு ஓட்டி வந்து நிறுத்தினாள். அத்திம்பேர் முன்கதவைத் திறந்தார்.

"தள்ளிக்கோ, நான் ஓட்டறேன்."

"ஏறுங்கோன்னா. பின்னாடி."

அவர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

அடுத்த திங்கட்கிழமை அக்கா மண்ணச்சநல்லூரில் வேலைக்குச் சேர்ந்தாள்.