தாலியோடு செத்த பேய்க்கு வெள்ளைச் சேலையா?

இன்று காலை காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் ஒரு குறும்படப் பிடிப்பு. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடும் என்னைப் பேய் வேஷம் போடக் கூப்பிட்டிருந்தார்கள்.

இயக்குநர் தம்பி செல்போனில் பழைய கறுப்பு வெள்ளை ஜப்பான் பேய்ப்படம் ஒன்றைக் காட்டினார். வெள்ளை உடை, முகத்தை மறைக்கும் முடி.

"அச்சு அசலா இப்படியே வேணும்க்கா."

கதையைக் கேட்டேன். புருஷன் கையால் செத்தவள் பழிவாங்க வருகிறாளாம்.

"தாலியோட செத்தவளுக்கு உங்க வீட்ல வெள்ளைச் சேலை கட்டியா அனுப்புவாக?"

"பேய்னா வெள்ளைதான்க்கா. உலகம் பூரா அப்படித்தான் எடுக்குறாக."

வந்த கோபத்தில் பவுடர் டப்பாவை மூடிவிட்டேன். அந்த மாதிரிப் படங்களை நானும் விரும்பிப் பார்த்தவள்தான். ஜப்பானில் இறந்தவர்களுக்கு வெள்ளை உடுத்தி அனுப்புவது வழக்கம். அதனால் அவர்கள் பேய் வெள்ளையில் வருகிறது. பார்க்கிறவனுக்குத் தன் வீட்டுச் சாவு ஞாபகம் வருகிறது, பயப்படுகிறான். பின்னால் வந்தவர்கள் உடையையும் முடியையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள், காரணத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள். நாம் சுமங்கலியை மஞ்சள் பூசி, பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து அனுப்புகிறவர்கள்.

பக்கத்தில் திராட்சை வெட்டிக்கொண்டிருந்த வேலைக்கார அம்மா ஒருவர், வெள்ளைச் சேலையில் நின்ற நடிகையை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆத்தா, இவ யாரோ வெளியூர்க்காரி. நம்மூர்க்காரின்னா பூ வைக்காமயா வருவா?"

தம்பி கேட்கவில்லை. வெள்ளையிலேயே எடுத்து முடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் மாம்பழ நிறப் பட்டுச் சேலையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். நான் வந்தால் அதில்தான் வருவேன். நீங்கள் எதில் வருவதாக உத்தேசம்?