மூன்றாம் வளைவில் எனிட் போட்ட கூச்சல்

எனிட் சக்டன் ஒருமுறை தும்மியதில் கெல்பரோ தேவாலயத்து மணி தானாக அடித்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அது பொய். மணி அடிக்கவில்லை. கோபுரத்துப் புறாக்கள் இரண்டு செத்து விழுந்தன, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற நான் சொல்கிறேன்.

நெசவாலையில் என் பக்கத்தில் நின்று ஆறு தறி பார்த்தவள் அவள். சனிக்கிழமை மாலை ஆனால் சாம்பல் கிண்ணத்தில் மூன்றாம் வளைவு வேலியோரம் வந்து நிற்பாள். சாம்பல் கிண்ணம் என்பது எங்கள் பந்தய மைதானம். கொதிகலன் சாம்பலைக் கொட்டி இறுக்கிய தடம். நாலு பேர், நாலு சுற்று, பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிள்கள். வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத்தான் திரும்ப வேண்டும். சறுக்கும்போது கிளம்புகிற சாம்பல் முழுக்க எங்கள் மேல்தான். வீட்டுக்குப் போய்க் காதைக் குடைந்தால் ஒரு பாத்தி உருளைக்கிழங்கு நடுகிற அளவுக்கு வரும். எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றுவார்கள். அந்தப் புகையை ஒரு மாலை இழுத்தவருக்கு மறுநாள் வேறு மருந்து வேண்டாம்.

எனிட் வந்தது பந்தயம் பார்க்க என்று சொன்னால் பாதிதான் உண்மை. திட்டுவதற்கும் வருவாள். வெளியூர்க்காரன் ஒருவன் தோள் எலும்பு முறிந்து ஸ்ட்ரெச்சரில் போனபோது, "மெதுவாத் தூக்கிட்டுப் போங்கப்பா, அவன் ஓட்டினதைவிட நீங்க வேகமாப் போறீங்க" என்றாள். வளைவே சிரித்தது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கியவர்களும் சிரித்ததில் அவன் ஒருமுறை கீழே விழுந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில், செப்டம்பர் மாதம், அன்றைய கடைசிப் பந்தயம். எங்கள் நரிகள் அணியின் சூரன் கிளிஃபர்ட் டாஸ்கர் முன்னால் வந்துகொண்டிருந்தான். எனிட்டுக்கு அப்போது இருபத்து நாலு வயது. வேலிமேல் ஏறி நின்று, "டாஸ்கர், உன் பொண்டாட்டி எதிர் டீம் வண்டியில ஏறிட்டாடா" என்று கத்தினாள். விளையாட்டுக்குத்தான். டாஸ்கர் திரும்பிப் பார்த்தான். அந்த நொடியே மரவேலியில் போய் மோதினான். முதுகெலும்பு போயிற்று. அதன்பிறகு அவன் நடக்கவில்லை.

எனிட் திராட்சை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"மிஸ்டர் டாஸ்கர், நான் கத்துனதாலதானே?"

அவன் கூரையைப் பார்த்தபடி, "நல்ல குரலு பொண்ணே உனக்கு" என்றான். நாற்பத்தெட்டு வருஷம் பழியைச் சுமக்க அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

இரண்டே வருஷத்தில் டாஸ்கரின் மனைவி நிஜமாகவே ஓடிப்போனாள், ஓர் இன்சூரன்ஸ்காரனோடு. அதையும் எனிட்டின் கணக்கிலேயே ஊர் எழுதிற்று. வறுத்த மீன் கடை வரிசையில் அவள் வந்து நின்றால், "மெதுவாப் பேசச் சொல்லுங்க, எண்ணெய்ச்சட்டி கவுந்துரும்" என்பார்கள். அவளைக் கட்டிக்கொள்ள இருந்த வில்ஃப், சாயப்பட்டறைக்காரன், கனடாவுக்குப் போகலாம் என்று டிக்கெட்டோடு வந்தான். "ஞாயித்துக்கிழமை மிஸ்டர் டாஸ்கருக்கு யாரு சோறு போடுவா?" என்று கேட்டாள். வில்ஃப் தனியாகப் போனான். கிறிஸ்துமஸ் தோறும் வாழ்த்து அட்டை வந்தது. முதலில் அதில் ஒரு குழந்தை இருந்தது, பிறகு இரண்டு, பிறகு நாலு.

ஞாயிறு தவறாமல் பன்னிரண்டரை மணிக்கு டாஸ்கரின் வீட்டில் அவள் சமைத்த மாட்டிறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கும் கிரேவியும் மேசைக்கு வந்தன. "போன வாரம் இதைவிட நல்லா வெந்திருந்துச்சு" என்பான். தன் சாப்பாட்டை அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவாள்.

இதற்குள் மைதானமும் போயிற்று. இப்போது அங்கே பெரிய பலசரக்குக் கடை. மூன்றாம் வளைவு இருந்த இடத்தில் உறைந்த மீன் விற்கிறார்கள். மிச்சமிருந்த ரசிகர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கிளப் மண்டபத்தில் கூடிப் பழைய கதை பேசுவோம். விபத்து நடந்து நாற்பத்தெட்டாம் வருஷம் பெர்சி ஓல்ட்ராய்ட் ஒரு நினைவு மலர் தயாரித்திருந்தான். மைதானம் மூடும்வரை ஒவ்வொரு பந்தயத்தின் புள்ளியையும் பென்சிலால் குறித்து வைத்தவன். நாற்பத்தோராம் பக்கத்தில் எனிட்டின் படம், வாய் திறந்தபடி. மேலே தலைப்பு: 'ஒரு சூரனைச் சாய்த்த கூச்சல்.' அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தது.

டாஸ்கரைச் சக்கர நாற்காலியோடு மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் எனிட் இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பத்தை அவனுக்காக நறுக்கிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தியின் புதுக் கணவர், தென்பக்கத்து ஊர்க்காரர், எங்கள் கதை தெரியாதவர், மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார்: "ஓட்டும்போது ஜனங்க ஆரவாரம் உங்களுக்கு எப்படி இருக்கும்?"

கையில் மைக் கிடைத்த சந்தோஷத்தில் டாஸ்கர் சிரித்தான். "ஆரவாரமா? ஒரு எழவும் கேக்காதுங்க. ஐநூறு சிசி எஞ்சின், தொடைக்குக் கீழ. நடுவுல பேண்டு வாத்தியமே வாசிச்சாலும் தெரியாது."

எனிட்டின் கத்தி அப்பத்தில் குத்தியபடி நின்றது.

"அப்போ ஏன் திரும்பினீங்க?"

"பின்னாடி எவன் வர்றான்னு பாத்தேன். பாக்கக் கூடாது. பாத்துட்..." சொல்லும்போதுதான் கேட்டது யார் என்று அவனுக்கு உறைத்தது.

எனிட் பெர்சியின் பக்கம் திரும்பினாள். "நாப்பத்தொண்ணாம் பக்கத்தை எடுத்துரு பெர்சி."

"எப்படி கண்ணு எடுப்பேன்? புஸ்தகத்துல உருப்படியான பக்கமே அது ஒண்ணுதான். மிச்சமெல்லாம் புள்ளிக்கணக்கு."

"நான் செய்யலன்னு அவரே சொல்லிட்டாரு."

பின்வரிசையிலிருந்து மார்ஜரி எழுந்தாள். கேக் தின்கிற வாயால் நியாயம் பேசுகிறவள். "காதுல விழலன்னா என்ன? நம்ம ஆலைக்காரி அவ. வாயசைவுலயே பேசுறவ. அவரு வாயப் பாத்துப் படிச்சிருப்பாரு."

முந்நூறு தறி ஓடுகிற கொட்டகையில் யார் குரலும் யாருக்கும் கேட்காது. நாங்கள் உதட்டை அசைத்தே பேசினோம், உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டோம். ஆனால் டாஸ்கர் ஒருநாளும் ஆலைப் படி மிதித்தவனில்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பெர்சியின் முகம் மலர்ந்தது. "படிச்சீங்களா கிளிஃபர்ட்?"

டாஸ்கர் எனிட்டைப் பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்த தட்டைப் பார்த்தான். அவள் குற்றவாளி இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைகள் என்னவாகும் என்று அவன் யோசித்தது எனக்கே கேட்டது. கசாப்புக்கடை வாசலில் நாய் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும்.

"ஆமா. வாயப் பாத்தேன்" என்றான். "பொண்டாட்டின்னு படிச்ச ஞாபகம்."

கைதட்டல் எழுந்தது. பெர்சி வாக்கெடுப்பு வைத்தான். பக்கம் இருக்கட்டும் என்று முப்பத்தெட்டுக் கைகள் உயர்ந்தன. அதில் என் கையும் ஒன்று. நல்ல கதையை வெட்ட எனக்கு மனம் வராது. வேண்டாம் என்று எனிட்டின் கை மட்டும் உயர்ந்தது, அதில் கத்தி இருந்தது.

ஞாயிறு காலை அவள் என் கதவைத் தட்டினாள். "கெளம்பு. உனக்குக் கதைதானே வேணும்."

டாஸ்கர் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு காத்திருந்தான். அவள் வழக்கத்தைவிட நன்றாகச் சமைத்தாள். வாசனையில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் வேலியேறி வந்தார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். பன்னிரண்டரைக்குத் தட்டு மேசைக்கு வந்தது. அதை அவன் முன்னால் வைக்காமல் தன் முன்னால் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள் எனிட். அவனைப் பார்த்து உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை.

ஆலைக்காரியான எனக்கு உடனே புரிந்தது. "கிரேவி ஊத்தட்டுமா?" என்றுதான் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் தட்டு அவன் பக்கம் நகர்ந்திருக்கும்.

"என்ன?" என்றான்.

அவள் மறுபடி அதையே கேட்டாள், உதட்டால்.

"பசிக்குது எனிட். வெளையாடாத." பிறகு என்னிடம், "இவ என்னதான் சொல்றா?" என்றான். நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அறுபது மைல் வேகத்துல படிச்சவராச்சே" என்று எனிட் சத்தமாகச் சொன்னாள். "நாலடி தூரத்துல, உக்காந்துட்டே படிங்க."

சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே கரண்டியை வைத்துவிட்டு, அவன் கண்ணைப் பார்த்து, அதே இரண்டு சொல்லை உதட்டால் கேட்டாள். அவன் ஊகித்துக்கொண்டே வந்தான். திட்டுறியா. வில்ஃபைப் பத்தியா. ஊரை விட்டுப் போறியா. கடைசி உருளைக்கிழங்கை அவள் கிரேவியில் புரட்டியபோது அவன் குரல் இறங்கியிருந்தது.

"மன்னிச்சுட்டேன்னு சொல்றியா?"

எனிட் இல்லை என்று தலையை ஆட்டினாள். உருளைக்கிழங்கை வாயில் போட்டு, மென்று விழுங்கி, கிரேவி ஊற்றட்டுமா என்று இன்னொரு தடவை உதட்டாலேயே கேட்டாள்.