கேப்டனின் இடது முட்டி

அந்த க்ரேப் பேண்டேஜ் கடையிலிருந்து வந்தபோது சந்தன நிறத்தில் இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த நாளாய் அதற்கு நிறம் என்று ஒன்று கிடையாது, நாற்றம்தான் உண்டு. வலி மருந்து, வேர்வை, சிமெண்டுத் தரைத் தூசி எல்லாம் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடி ஊறி, கடைசியில் சுருட்டி வைத்தால் சுருட்டியபடியே விறைத்து நிற்கும் பதத்துக்கு வந்திருந்தது. சீசன் முடியும்வரை அதைத் துவைக்கக் கூடாது என்பது எங்கள் டீமின் கட்டுப்பாடு. துவைத்தால் ஜெயிக்கிற ராசி தண்ணீரோடு போய்விடுமாம். தோற்றுக்கொண்டிருந்த வருஷங்களிலும் அதை யாரும் துவைக்கவில்லை. அது என் பையில்தான் குடியிருந்தது. அந்தப் பையை அம்மா வீட்டுக்குள் அனுமதிக்கவில்லை. வாசல் முருங்கை மரத்தில் மாட்டிவிட்டுத்தான் நான் சாப்பிட உட்கார வேண்டும்.

எட்டு வருஷம் என் கூடைப்பந்து வாழ்க்கை என்பது அந்தத் துணியைக் கேப்டன் அண்ணனின் இடது முட்டியில் சுற்றுவதுதான். வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு கிளப். ரிங்குக்கு அடியில் அவர் நிற்கும் இடத்துக்கு மாற்று ஆள் நான். அவர் ஆடும்வரை எனக்கு பெஞ்ச். அவர் ஆட வேண்டுமென்றால் முட்டியைக் கட்ட வேண்டும். கட்டுகிறவன் நான். இதிலிருக்கும் கோளாறு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரிந்துவிடும். எம்.ஏ. படித்திருந்த எனக்குப் புரிய ஆறு வருஷம் ஆயிற்று. அதைவிடக் கேவலம், நான் அதை நன்றாகக் கட்டினேன். சுருக்கம் விழாமல், இரத்த ஓட்டம் நிற்காமல், ஒரு சுற்றின் பாதிமேல் அடுத்த சுற்று ஏறும்படி. "உன் கை மாதிரி வராதுடா" என்று அவர் சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இன்று அதை நினைத்தால் அந்தத் துணியையே மோந்து பார்த்த மாதிரி இருக்கிறது.

நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொன்று, அவருக்கு முப்பத்து நான்கு. அப்போதே அடுத்த வருஷம் ஓய்வு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் தோற்றோம். தோற்றுவிட்டுப் போனால் ஊரில் பேசுவார்கள் என்று தங்கினார். மறு வருஷம் ஜெயித்தோம். ஜெயித்த டீமை எப்படி விட்டுப் போவது என்று தங்கினார். மூன்றாம் வருஷம் மழையால் போட்டியே நடக்கவில்லை. நடக்காத சீசனில் ஓய்வு பெறுவது எப்படிக் கணக்காகும் என்று கேட்டார். தங்கினார். ஒருமுறை உண்மையாகவே மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஆளுயர ஃபிளெக்ஸ் வைத்து அனுப்பிவைத்தோம். வாழ்த்துரையை எழுதியவன் நான். ஆறு மாதம் கழித்து அந்தப் பொன்னாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கோர்ட்டுக்கு வந்து, "இன்னாடா, பால்ல காத்து இருக்கா?" என்றார்.

அவர் ஓடமாட்டார். எதிராளி ரிங்குக்கு அடியில் மனை வாங்கிப் போட்டவர் மாதிரி நிற்பார். பந்து அவரைத் தேடி வர வேண்டும். வந்தால், போர்டில் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு இடத்தில் தட்டுவார், உள்ளே விழும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திரும்பி ஓடி வந்து தடுப்பது மற்ற நான்கு பேரின் பாடு. மூச்சு வாங்கினால் ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும். அவருடைய லேஸ் அவிழ்ந்த அளவுக்கு இந்தத் தொகுதியில் யாருடைய லேஸும் அவிழ்ந்திருக்காது. நான் பெஞ்சில் உட்கார்ந்து நூலகப் புத்தகங்களைப் படித்தேன். ஒரு ஆட்டத்துக்கு நாற்பது பக்கம் போகும். எனக்கு எழுத்து எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம் நான் வேறு ஏதேதோ காரணம் சொல்வது வழக்கம்.

ஆறாவது வருஷம்தான் விஷயம் வயிற்றுக்கு வந்தது. சேதராப்பட்டில் ஒரு கம்பெனி சொந்தமாக டீம் சேர்க்கப் போகிறது, வில்லியனூரில் நடக்கும் ஃபைனலைப் பார்க்க அவர்களுடைய ஆள் வருகிறார், நன்றாக ஆடுகிற இரண்டு பேருக்கு நிரந்தர வேலை என்று செய்தி வந்தது. எனக்கு இருபத்தேழு வயது. டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேச்செடுத்து, என் உத்தியோகம் ஞாபகம் வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். கேப்டன் அண்ணனுக்கு வேலை தேவையில்லை. பாகூர்ப் பக்கம் கரும்பு நிலம் இருந்தது, கடைத்தெருவில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடையும் இருந்தது. ஃபைனலுக்கு முதல் நாள் கடைக்குப் போய், ஆட்டத்தில் ஒரு பாதியாவது என்னை இறக்கிவிடச் சொல்லிக் கேட்டேன். அவர் ஒரு பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே காதில் வாங்கினார். நிமிரவில்லை.

"இருடா, பாக்கலாம். மொதல்ல நான் எறங்கறன். முட்டி இன்னா சொல்லுதுன்னு பாப்போம். அது முடியலன்னா நீதான்."

ஆக முடிவு முட்டியின் கையில். முட்டியோ என் கையில்.

மறுநாள் சாயங்காலம் கம்பெனி ஆள் முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கேப்டன் அண்ணன் பெஞ்சில் காலை நீட்டினார். நான் குனிந்து சுற்றத் தொடங்கினேன். எப்போதும் முட்டிக்குக் கீழே தொடங்கி இழுத்துப் பிடித்து மேலே கொண்டுபோவேன். அன்று மேலிருந்து தொடங்கினேன். இழுக்கவில்லை. மூட்டின் இரண்டு பக்கமும் குறுக்கே போக வேண்டிய சுற்றை விட்டுவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம் தாங்கும், ஒரு குதி குதித்து இறங்கினால் சரிந்துவிடும், அந்த நேரத்தில் முட்டி வேறு பக்கம் திரும்பினால் ஜவ்வு கிழியும். இதெல்லாம் தெரிந்துதான் செய்தேன். நாற்பது வயது மனிதருடைய காலை எடுத்து ஒரு வேலைக்கான மனுவோடு சேர்த்துக் குண்டூசி குத்தப் பார்த்தேன். முகத்தை மட்டும் பக்தியாக வைத்திருந்தேன்.

அவர் எழுந்து நான்கு அடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து காலைத் தூக்கி பெஞ்சின்மேல் வைத்து, நான் சுற்றியதை உருவி எடுத்து, தானே சுற்ற ஆரம்பித்தார். கண் முட்டியின்மேல் இல்லை. எதிர் டீம் பயிற்சி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. கீழிருந்து மேலே, குறுக்கே ஒன்று, மறு குறுக்கே ஒன்று, நுனியை உள்ளே செருகி முடித்துவிட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நான் கட்டியதிலேயே சிறந்த கட்டு அதன் பக்கத்தில் நிற்காது. நாள் முழுக்கக் காயில் சுற்றுகிற மனிதருக்கு ஒரு முட்டியைச் சுற்றத் தெரியாது என்று ஆறு வருஷம் நம்பியிருக்கிறேன்.

"உனக்குக் கட்டத் தெரியுமாண்ணே?" என்றேன்.

"தெரியாம இன்னா?"

"அப்புறம் ஏன் என்னைக் கட்டச் சொன்ன?"

"வெறுமன ஒக்காந்துனு இருந்தா உனுக்கு ஒரு மாதிரியா இருக்கும்ல. அதான்." கோர்ட்டுக்குள் கால் வைத்தவர் திரும்பினார். "இன்னிக்கி உனுக்குக் கை சரியில்ல. தண்ணி குடி."

நான் வேண்டுமென்றே செய்தேன் என்று அவருக்குத் தெரிந்ததா, பதற்றம் என்று நினைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். அவர் இரக்கப்பட்டதைத்தான் திருப்பிக் கொடுக்க வழியில்லை. என்னைப் பற்றி அவர் வைத்திருந்த மதிப்பு என்ன என்பதும் அந்த வாக்கியத்தில் இருந்தது. குழந்தை அழாமல் இருக்கக் கையில் ஒரு டப்பாவைக் கொடுப்பார்களே, அதுதான் ஆறு வருஷமாக என் பையில் இருந்திருக்கிறது.

முழு ஆட்டமும் ஆடினார். முட்டி ஒன்றும் சொல்லவில்லை. கடைசி ஐந்து நிமிஷத்தில் நாங்கள் பதினான்கு புள்ளி முன்னால் இருந்தோம். அவர் பெஞ்சைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் ஜெர்சிக்கு மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றேன். தண்ணீர்தான் கேட்டிருக்கிறார். கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டையை மறுபடி போட்டுக்கொண்ட அந்தச் சில நொடிகளை எந்தக் கட்டுரையிலும் இதுவரை நான் எழுதியதில்லை. கம்பெனி ஆள் எங்கள் டீமில் ஒருவனையும் எதிர் டீமில் ஒருவனையும் எழுதிக்கொண்டு போனார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு கேப்டன் அண்ணன் மைக்கில் தன் ஓய்வை ஒரு வருஷம் தள்ளிவைத்தார்.

அன்றோடு நான் விலகியிருந்தால் இதை ஒரு கௌரவமான கதையாகச் சொல்லலாம். விலகவில்லை. இன்னும் இரண்டு சீசன் போனேன், கட்டினேன். அவருக்குக் கட்டத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலை நீட்டினார், குனிந்தேன். பிறகு புதுச்சேரியில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. அதிலிருந்து மெல்ல மெல்லப் பத்திரிகைகளில் மற்றவர்களைக் கேலி செய்யும் தொழிலுக்கு வந்துசேர்ந்தேன்.

போன மாதம் கிளப்பிலிருந்து கூப்பிட்டார்கள். கேப்டன் அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது, இந்த முறை நிஜமாகவே வழியனுப்பு விழா, எழுத்தாளர் என்ற முறையில் நான் பேச வேண்டும் என்றார்கள். போனேன். இரண்டு பக்கம் புகழ்ந்தேன். கைதட்டல் நன்றாக வந்தது. அடுத்துப் பேசிய அவர், மூத்தோர் போட்டிக்கு அழைப்பு வந்திருப்பதாகவும், ஆகவே அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றும் அறிவித்தார். பெரியவர்கள் சிரித்தார்கள். புதுப் பிள்ளைகளில் ஒருவன் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த இடத்துக்கு மாற்று ஆள் அவன் என்று நான் விசாரிக்கவில்லை.

பிறகு ஒரு காட்சி ஆட்டம். நான்கைந்து நிமிஷம் ரிங்குக்கு அடியில் நின்றவர், ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு நேராக என் நாற்காலிக்கு வந்தார். வேர்த்திருந்தது. அந்த வாசனையும் கூடவே வந்தது.

"வாடா, எறங்கு. என் எடத்துல நில்லு" என்றார். "பசங்க பால் குடுப்பாங்க. சொல்லிட்டன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரிங் பதினைந்து அடி தூரத்தில் இருந்தது. பந்து என்னிடம் வரும், தடுக்க யாரும் வரமாட்டார்கள். போட்டால் விழுமா? விழாவிட்டால், பதினெட்டு வருஷமாக இவர்மேல் வைத்திருக்கும் அருவருப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? ஒருவேளை அன்று தண்ணீருக்குப் பதிலாக என்னைக் கூப்பிட்டிருந்தாலும், அந்தக் கம்பெனி ஆள் டீயைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாரோ?

செருப்பு போட்டிருக்கிறேன் என்று காலைக் காட்டினேன்.

செருப்பைக் கழற்ற எவ்வளவு நேரமாகும் என்பது அவருக்கும் தெரியும். என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"சரி, ஒக்காரு" என்றார். உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன்.