செல்லத்தாய் கேட்டு வைத்த ஷிப்டுகள்

காலை ஷிப்டுக்குப் போகும்போது செல்லத்தாயின் தம்பி மில் வாசலில் நின்றார். "அக்கா போயிருச்சு" என்றார். மஞ்சள் காமாலை என்று அவள் லீவு போட்டுப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உள்ளே போய், அவளும் நானும் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் எல்லோருக்கும் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் ஊரான மம்சாபுரத்துக்குப் பஸ் ஏறினோம்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். அவளைத் தெரிந்த நீங்கள் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்து மில் அணிகள் ஞாயிறு சாயங்காலம் கால்பந்து ஆடும். அதை வைத்து எங்கள் மில்லுக்குள் ஒரு விளையாட்டு நடந்தது. ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் எந்த மில்லிலிருந்தும் ஐந்து ஆட்டக்காரர்களைப் பொறுக்கி, பேர்களைத் தாளில் எழுதிச் சனிக்கிழமை கேண்டீன் பலகையில் ஒட்ட வேண்டும். எழுதின ஆள் கோல் போட்டால் மூன்று புள்ளி. பின்னால் நின்று தடுக்கிறவர் என்றால், அவர் அணி கோல் வாங்காமல் இருந்தால் இரண்டு. கடைசியில் வருகிற டிபார்ட்மெண்ட் அந்த வாரம் முழுக்க எல்லோருக்கும் டீ வாளி தூக்கும்.

கோன் வைண்டிங் பெண்களும் எழுதுவோம் என்று போய்க் கேட்டவள் செல்லத்தாய். ஸ்பின்னிங் ஆண்கள் சிரித்தார்கள். தொடர்ந்து நாலு வாரம் கடைசி வந்தால் விலகிவிட வேண்டும் என்றார்கள். அண்ணன், கொழுந்தன், எதிர்வீட்டுக்காரர் என்று தெரிந்த பேராக எழுதி மூன்று வாரம் வாளி தூக்கினோம். நாலாவது வாரம் எழுதும் முறை எனக்கு வந்தது.

அந்த வியாழக்கிழமை மடவார் வளாகத்தில் ஒரு வளைகாப்பு. வேறு மில்காரர் வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். செல்லத்தாய் வளையல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியிடமும் உட்கார்ந்து, வீட்டுக்காரருக்கு இந்த வாரம் எந்த ஷிப்ட் என்று விசாரித்தாள்.

"எம் மாப்பிள்ளை ஷிப்ட் உனக்கு எதுக்குட்டி?" என்றாள் ஒருத்தி.

"உம் மாப்பிள்ளை எனக்கு வேண்டாம் தாயி. அவிய காலு ஞாயித்துக்கிழமை எம்புட்டு ஓடும்னு தெரிஞ்சாப் போதும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்றாம் ஷிப்ட் முடித்து ஞாயிறு விடிந்து வீடு திரும்புகிறவரால் சாயங்காலம் எப்படி ஓட முடியும்? பெண்களுக்கு அந்த ஷிப்ட் கிடையாது. அதனால் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

மறுநாள் நான் எழுதிக் கொண்டுபோன தாளில் முதல் பேர் என் வீட்டுக்காரருடையது. எங்கள் மில் அணியில் அவர் பின்னால் நின்று தடுப்பவர்.

"அண்ணாச்சிக்கு இந்த வாரம் மூணாம் ஷிப்டுல்லா?" என்றாள் செல்லத்தாய்.

"அவிய பேரு இல்லாம எப்படிட்டி ஒட்டுறது? வீட்டுல என்ன சொல்லுவாக?"

"சோத்துல கொறைச்சியா? தாள்லதான கொறைக்கே. அடி கோட்டை."

அடித்தேன். அந்த இடத்தில் அவள் விசாரித்துச் சொன்ன வேறு பேரை எழுதினேன்.

சனிக்கிழமை அவர் பலகையைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து பாதிச் சாப்பாட்டில், "ஊர்ல இருக்கவன் பேரெல்லாம் இருக்கு" என்றார். "உங்களுக்கு மூணாம் ஷிப்ட்" என்றேன். எதிரில் உட்கார்ந்தபடியே இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன்.

ஞாயிறு எங்கள் மில் இரண்டு கோல் வாங்கியது. ஒன்று அவர் காலைத் தாண்டிப் போனது; தடுக்கப் பாய்ந்ததில் முழங்கால் வீங்கியது. செல்லத்தாய் விசாரித்துச் சொன்ன ஆட்களில் இரண்டு பேர் கோல் போட்டார்கள். நாங்கள் இரண்டாவது வந்தோம். வாளி ஸ்பின்னிங்குக்குப் போனது.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டே, "அடுத்த வாரம் எனக்கு முதல் ஷிப்ட். எழுதுறதுன்னா எழுதிக்கோ" என்றார். செல்லத்தாயிடம் சொன்னேன். "எழுதலாம். முழங்கால் வீக்கம் வத்திருச்சான்னு கேட்டுட்டு வா" என்றாள்.

மம்சாபுரத்தில் அவளைத் தூக்கும் வரை என் வீட்டுக்காரரும் வந்து நின்றார். எல்லாம் முடிந்து பஸ்ஸில் வரும்போது, "அன்னைக்கு அவ சொன்னது சரிதான்" என்றார். இத்தனை வருசத்தில் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: வேண்டியவர் பேரில் கோடு அடித்துவிட்டு, அவருக்கே அன்றைக்குச் சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்து காரணத்தையும் சொல்ல முடியும். அவள் சொல்லித்தான் செய்தேன். இப்போது சொல்ல ஆள் இல்லாமலும் செய்கிறேன்.