எம்எல்ஏவின் காது

ஜெயாவின் வாய்க்குப் பயந்து உப்பளத்து மேஸ்திரியே அவள் நிற்கும் பாத்திப் பக்கம் போவதில்லை. பிரம்மதேசத்தில் நெல் வயல் ஓரம் பிறந்தவள், தங்கராசுவைக் கட்டிக்கொண்டு மரக்காணத்து உப்புக்கு வந்து சேர்ந்தாள். உப்பு அவள் காலை வெடிக்க வைத்தது, கண்ணைக் கூச வைத்தது. வாயை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவளிடம் ஒரு பூனை இருந்தது. செம்பட்டை நிறம், கடுவன். கேட்டால், "நான் எங்க வளக்குறேன், அதுவா வந்து ஒட்டிக்கிச்சி" என்பாள். அதற்கு எம்எல்ஏ என்று பெயர் வைத்ததும் அவள்தான். குப்பத்தில் எல்லா வீட்டிலும் சாப்பிடும், ஒரு வீட்டிலும் எலி பிடிக்காது. கட்சிக்காரர் ஒருவர் இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டபோது, "பூனையே ஒண்ணும் சொல்லல, உனுக்கு இன்னாத்துக்குக் கோவம்?" என்று அனுப்பிவைத்தாள்.

காலையில் பூனைக்குச் சுடுசோறும் நெத்திலியும், தனக்குப் பழையது என்று தங்கராசு ஊரெல்லாம் சொல்லிப் புலம்புவான். அதில் பொய் இல்லை. ஆனால் வேலை விட்டு வந்து, எரிகிற காலை அவள் வாசலில் நீட்டி உட்கார்ந்தால் அந்தப் பூனைதான் வந்து நக்கும். உப்புக்காக நக்குகிறது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கட்டின புருசன் அந்தக் காலை ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லையே. அந்தப் பூனை மேல் அவளுக்கு உயிர்.

பக்கத்து வீட்டு மாயவனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஃபைபர் படகு வைத்திருப்பவன், கடலுக்குப் போய் வருபவன். ஒருநாள் ஏலத்துக்கு வைத்திருந்த வஞ்சிரத்தின் வயிற்றை எம்எல்ஏ கடித்துவிட்டது. "இன்னொரு தபா என் கூடையில வாய வெச்சா, இந்தப் பூனையோட காத அறுத்துடுவேன்!" என்று கரையே கேட்கக் கத்தினான். கரையும் கேட்டது, ஜெயாவும் கேட்டாள்.

அடுத்த வாரம் பூனையைக் காணோம். முதல் நாள் எங்காவது பொண்டாட்டி தேடிப் போயிருக்கும் என்று விட்டாள். மூன்றாம் நாளும் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. காலையில் வைத்த சோற்றைச் சாயங்காலம் காக்கைக்குக் கொட்டும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் தங்கராசு, ஏதோ மழை வரும் போலிருக்கிறது என்கிற குரலில் சொன்னான்: "மாயவன் வண்டியில மீன் கூடைய மூடிக் கட்டி எடுத்துனு போனான். உள்ள என்னவோ கத்துச்சி."

"இத்த மூணு நாளா சொல்லாம இன்னாய்யா பண்ணினு இருந்த?"

"நீ கேக்கலியே."

ஜெயா நேரே மாயவன் வாசலுக்குப் போனாள். "யோவ், எம்எல்ஏ எங்க?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்கு இன்னா தெரியும்? நான் இன்னா அவுருக்கு பி.ஏ.வா?"

முகத்தைத் திருப்பியது போதும் அவளுக்கு. முந்தானையை இடுப்பில் செருகினாள். குனிந்து, அவன் வாசல் மண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றினாள். "என் பூனையத் தொட்ட கை வெளங்காமப் போவ! நீ போடுற வலையெல்லாம் வெறும் வலையா வர!"

மாயவனின் மனைவி ராசம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். வாயால் திட்டுவதைத் துடைத்துப் போட்டுவிடலாம். மண்ணை வாரித் தூற்றினால் அது வேறு கணக்கு.

மறுநாள் மாயவன் வலையில் ஜெல்லி மீனும் பிளாஸ்டிக் பையும் வந்தன. மற்ற படகுகளில் மத்தி. அதற்கு மறுநாள் அவன் படகை மேட்டில் ஏற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டான். கூடப் போகிற ஆட்களும் உட்கார்ந்தார்கள். அடுப்பெரிய மீன் வேண்டும், ஆனால் அவன் கடல் பக்கமே திரும்பவில்லை. ராசம்மாள் வேலி ஓரம் நின்று ஜெயாவிடம் கெஞ்சினாள்: "வாங்கிக்கடி. உன் வாய்ச் சொல்லத் திருப்பி வாங்கிக்கடி."

"பூனையக் குடுக்கச் சொல்லு, வாங்கிக்கறேன்."

இப்படியே நான்கைந்து நாள் போனது. ஒரு காலை, ஜெயா வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளை வேன் வந்து மாயவன் வீட்டு முன்னால் நின்றது. இடையஞ்சாவடிப் பக்கத்துப் பூனைக் காப்பகத்து வண்டி. சத்யப்ரியா என்கிற பெண் கையில் கூண்டோடு இறங்கினாள்.

"அங்கிள், உங்க தம்பி வந்துட்டான்!"

கூண்டுக்குள் எம்எல்ஏ. இடது காதின் நுனி இல்லை.

"பாவி! சொன்ன மாதிரியே காத அறுத்துட்டியேடா!" என்று ஜெயா பாய்ந்தாள்.

சத்யப்ரியா குறுக்கே வந்தாள். "அய்யோ அக்கா, காது நாங்க வெட்டுனது. குடும்பக் கட்டுப்பாடு ஆயிடுச்சின்னு அடையாளம். மயக்கத்துலயே பண்ணிடுவோம். அங்கிள் கொண்டாரப்ப கழுத்துல முடிக்கு அடியில புண்ணு, உள்ள புழு. ரெண்டு நாள் விட்டிருந்தா செத்திருக்கும். 'என் பூனை, பேரு தம்பி, எப்படியாவது காப்பாத்துங்க'ன்னு அழுதாரு."

குப்பமே மாயவனைப் பார்த்தது. அவன் படகைப் பார்த்தான்.

"படகுக்கு அடியில கெடந்துச்சி," என்றான் மெதுவாக. "நான் பூனையத் தூக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு சொன்னா கரையில ஒரு பயலும் என்ன மதிக்க மாட்டான்."

"அதுக்கு என் சாபத்த வாங்கினு உக்காந்திருந்தியா?"

"ஆமா."

குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லிலிருந்து இன்னும் மீளாத தங்கராசு, "ஆம்பளையாச்சே" என்று முனகினான். யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

ஜெயாவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. தூற்றிய மண்ணை எப்படித் திரும்ப வாங்குவது என்று குப்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. இதுவரை யாரும் வாங்கியதில்லை. கடைசியில் அவளே ஒரு இரும்புச் சட்டியையும் விளக்குமாற்றையும் எடுத்து வந்தாள். கடற்கரையில் எது தூற்றிய மண், எது சும்மா மண் என்று யார் கண்டார்கள்? வாசல் மொத்தத்தையும் கூட்டி வாரினாள். சட்டி சட்டியாகத் தன் வாசலில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

"என் வூட்டு வாசல்லயே கெடக்கட்டும்ணே. எதுனா வரணும்னா எனக்கே வரட்டும்."

ராசம்மாள் மூக்கை உறிஞ்சினாள். மாயவன் மட்டும் அந்தக் குவியலையே முறைத்துக்கொண்டிருந்தான். சாபம் போய்விட்டதா இல்லையா என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

சத்யப்ரியா கூண்டைத் திறந்தாள். எம்எல்ஏ வெளியே வந்து சோம்பல் முறித்தது. ஜெயாவைப் பார்த்தது, மாயவனைப் பார்த்தது, இரண்டு பேரிடமும் போகவில்லை. நேரே புது மண் குவியல் மேல் ஏறியது. முன்காலால் ஒரு குழி பறித்தது. வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, எங்கேயோ தூரத்தைப் பார்த்தபடி, வந்த வேலையை முடித்தது. பிறகு திரும்பி முகர்ந்து பார்த்துவிட்டு, நாலு பக்கமும் மண்ணைத் தள்ளி நன்றாக மூடியது.

முதலில் சிரித்தது ஜெயாதான்.

மாயவன் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினான். "சரி, முடிஞ்சுது. டேய், வலைய ஏத்துங்கடா, போலாம்."